அண்ணனும் எங்கள் வீட்டு டிவியும்

அம்மாவின் காரியம் முடிந்த மறுநாள் அண்ணனை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். கருவடிக்குப்பத்திலிருந்து முத்தியால்பேட்டைக்குப் பெரிய தூரம் ஒன்றுமில்லை. ஆனாலும் ஆட்டோவில் வழியெல்லாம் என் புடவைத் தலைப்பை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தான். மணிக்கூண்டைத் தாண்டும்போது, "பாப்பா, அம்மா எப்ப வரும்?" என்று கேட்டான். என் கணவர் முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். திரும்பி அவனைப் பார்த்தார்.

அண்ணனுக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. தலை பாதி நரைத்தவன். மனசு மட்டும் நாலைந்து வயதோடு நின்றுவிட்டது. குழந்தையில் வந்த காய்ச்சலால் ஆனது என்று மில்லில் வேலை பார்த்த எங்கள் அப்பா சொல்வார். பிறந்ததிலிருந்தே அப்படித்தான் என்று அம்மா சொல்லும். எது உண்மையோ தெரியாது. அப்பா போன பிறகு அம்மாவும் அவனும் மட்டும் அந்த வீட்டில் இருந்தார்கள். அவனுக்குக் குளிக்கத் தெரியும், சட்டை போட்டுக்கொள்ளத் தெரியும், சொன்ன வேலையைச் செய்வான். யாரையும் அடித்ததில்லை. தனியாக விட்டால் மட்டும் பயப்படுவான்.

எங்கள் வீடு சின்னது. ஒரு ஹால், ஒரு அறை, சமையற்கட்டு. கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். காலை டிரிப் முடிந்து வந்தால் சாயங்காலம் பள்ளி விடும்வரை வீட்டில் இருப்பார். நான் நேரு வீதியில் ஒரு துணிக்கடையில் புடவை செக்‌ஷனில் நிற்கிறேன். மகள் கல்லூரியில் படிக்கிறாள். பகலில் அண்ணனுக்குத் துணை என்று பார்த்தால் என் கணவரும் டிவியும்தான்.

முதல் சில நாட்கள் அவன் சரியாகச் சாப்பிடவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து தெருவையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒருநாள் மகள் டிவியைப் போட்டுவிட்டு, "மாமா, இங்க வா, யார் வந்திருக்காங்க பாரு" என்று கூப்பிட்டாள். வந்தான். உட்கார்ந்தான். தட்டைக் கையில் கொடுத்ததும் திரையைப் பார்த்துக்கொண்டே முழுவதும் சாப்பிட்டான். அன்றிலிருந்து காலையில் பல் தேய்த்ததும், "பாப்பா, போடு" என்பான். அந்த மாதங்களை நாங்கள் எப்படித் தாண்டினோம் என்று யாராவது கேட்டால் டிவியால்தான் தாண்டினோம் என்றுதான் சொல்ல வேண்டும்.

மழைக்காலம் ஆரம்பித்த சமயத்தில்தான் திரையின் கீழ் ஓரத்தில் ஒரு கறுப்புத் திட்டு தெரிந்தது. முதலில் தூசி என்று நினைத்தேன். துடைத்தால் போகவில்லை. நாளாக ஆக அது மேலே ஏறியது. செய்தியில் கீழே ஓடுகிற எழுத்துகள் மறைந்தன. பிறகு நெடுக்காகக் கோடுகள் விழுந்தன. அந்தக் கோடுகளுக்குப் பின்னால் எல்லோரும் ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்பதுபோல இருந்தார்கள்.

பக்கத்துத் தெருவில் டிவி மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். வந்து கழற்றிப் பார்த்தார்.

"கீழ தண்ணி எறங்கியிருக்குக்கா. பேனல் போச்சு. இதுக்குப் புதுப் பேனல் போடறதுக்குப் புது டிவியே வாங்கிடலாம்."

"தண்ணி எப்படிங்க எறங்கும்?"

"ஸ்ப்ரே அடிச்சித் தொடைக்கிறீங்களா?"

நான் மகளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். தீபாவளிக்குச் சுத்தம் செய்தபோது பீரோக் கண்ணாடி துடைக்கிற நீல மருந்தை நான்தான் அதன்மீதும் அடித்துத் துடைத்தேன். ஒரே ஒரு தடவை. அதைச் சொன்னதும் அவர், "ஒரு தடவைக்கு இவ்ளோ ஆவாதே" என்று யோசித்தார். பிறகு சுவரைத் தொட்டுப் பார்த்தார். அது மழையடிக்கிற பக்கத்துச் சுவர். ஓதம் ஏறிச் சுண்ணாம்பு பொரிந்திருந்தது. எதிரே ஜன்னல் வழியாகக் கடல் காற்று நேராக உள்ளே வரும். எங்கள் வீட்டில் ஜன்னல் கம்பிகூட வருஷத்துக்கு ஒரு தடவை துருப்பிடித்து உதிரும்.

"இந்த ஓதமும் உப்புக் காத்தும்தான்க்கா. வேற இன்னா சொல்றது" என்று முடிவு செய்தார்.

கொஞ்சநாள் அந்தக் கோட்டுக்குப் பின்னாலேயே பார்த்தோம். அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. "பாப்பா, கதவத் தொறந்து உடு" என்று திரையைக் காட்டிச் சொல்வான். பழைய டிவியைக் கொடுத்துவிட்டு பொங்கலுக்குப் புதியது எடுத்தோம்.

இந்தத் தடவை என் கணவர் விடவில்லை. மெக்கானிக்கையே கூப்பிட்டு, எங்கே மாட்டுவது, எப்படி வைத்துக்கொள்வது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஓதம் இல்லாத உள்சுவரில் மாட்டினோம். பின்னால் சூடு வெளியேற இடம் விட்டோம். கரண்டு ஏறி இறங்கினால் தாங்குவதற்கு ஸ்டெபிலைசர் வைத்தோம். கடையில் கண்ணைப் பறிப்பதற்காக ஏற்றி வைத்திருந்த வெளிச்சத்தை மகள் குறைத்து வைத்தாள். அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. படத்தை நடுவில் நிறுத்திவிட்டு போன் பேசப் போய்விடுவாள். அது அப்படியே உறைந்து நிற்கும். ஒரே படம் நெடுநேரம் நின்றால் அந்த நிழல் திரையில் தங்கிவிடும் என்று மெக்கானிக் சொன்ன பிறகு அதையும் விட்டாள். நீல மருந்து பாட்டிலை நானே எடுத்து பீரோவுக்குள் வைத்தேன். மூக்குக் கண்ணாடி துடைக்கிற மாதிரி ஒரு மெல்லிய துணி, அதுவும் டிவியை அணைத்துச் சூடு ஆறிய பிறகு, காய்ந்தபடியே லேசாக. அதோடு சரி.

இத்தனையும் செய்தும் பங்குனி முடிவதற்குள் புது டிவியின் கீழ் மூலையில் நகத்தளவு ஒரு கறை வந்துவிட்டது.

மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு என்னைவிட அதிகமாக வருத்தப்பட்டார். "மழையே இல்லியேக்கா. எங்கேர்ந்து வருது?" என்று மேலே கூரையைப் பார்த்தார். அங்கே பல்லி ஒன்றுதான் இருந்தது.

அந்த வாரத்தில் ஒருநாள் எங்கள் கடையில் ஸ்டாக் எடுப்பதற்காக மதியத்தோடு விற்பனையை நிறுத்தினார்கள். எங்கள் செக்‌ஷன் முறை மறுநாள் என்பதால் எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் வந்தபோது வாசற்கதவு சும்மா சாத்தியிருந்தது. கணவர் சாப்பிட்டுவிட்டு உள் அறையில் படுத்திருந்தார். அந்த நேரத்தில் அவர் கொஞ்சம் கண்ணயர்வது வழக்கம். ஹாலில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தையும் மீறி அண்ணன் யாரிடமோ பேசுவது கேட்டது.

"அழுவாத... அழுவாத... எல்லாம் சரியாப் பூடும்."

கதவைத் தள்ளினேன். அண்ணன் டிவிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். காலடியில் சொம்பு நிறையத் தண்ணீர். கையில் சரியாகப் பிழியாத ஈரத் துண்டு. திரையில் மத்தியான சீரியலின் மருமகள் குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தாள். அண்ணன் அவள் கண்ணுக்குக் கீழே துண்டை வைத்து மெதுவாக ஒற்றினான். பிறகு கன்னம். பிறகு நெற்றி. காட்சி மாறி மாமியார் முகம் வந்தது. அவன் துண்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு காத்திருந்தான். மறுபடி மருமகள் வந்ததும் மறுபடி துடைத்தான். துண்டிலிருந்து தண்ணீர் திரைவழியாக வழிந்து கீழே சட்டத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

விளம்பரம் வந்ததும் அவன் திரும்பினான். என்னைப் பார்த்து முகம் மலர்ந்தான்.

"அண்ணா, இன்னா பண்ற?"

"அந்த அக்கா அழுவுது பாப்பா. பாவம். காலைலேர்ந்து சாப்புடல."

நான் அவன் கையிலிருந்த துண்டை வாங்கிக்கொண்டேன். அம்மா படுக்கையில் கிடந்த கடைசி மாதங்களில் காய்ச்சல் விட்டு விட்டு வரும். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போகும்போதெல்லாம் அண்ணன் பக்கத்தில் சொம்பும் துண்டுமாக உட்கார்ந்திருப்பான். அம்மாவின் முகத்தை இதேபோலத்தான் ஒற்றி ஒற்றித் துடைப்பான். அம்மா கண்ணைத் திறந்து, "போதுண்டா கண்ணு" என்று சொல்லும். அவனுக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். அங்கே அவர்கள் வீட்டில் இருந்தது பழைய பெட்டி டிவி. கனத்த கண்ணாடி. அதை எத்தனை தண்ணீர் விட்டுத் துடைத்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது.

கணவர் எழுந்து வந்ததும் சொன்னேன். முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்று சொம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மச்சான் பண்றது தப்புன்னு எப்படிச் சொல்றது?" என்றார்.

"டிவி போயிடுமே?"

"அதுவும் போகக் கூடாதுதான்."

முதலில் அவனிடம் சொல்லிப் பார்த்தோம். "அண்ணா, டிவிமேல தண்ணி பட்டா கெட்டுப் போயிடும். தொடைக்கணும்னா அணைச்சிட்டுத் தொடைக்கலாம், சரியா?" என்றேன். தலையாட்டினான். மறுநாள் மகள் பக்கத்தில் உட்கார்ந்து, மருமகள் அழ ஆரம்பித்ததும் சுவிட்சை அணைத்தாள். திரை கறுத்துப்போனது. அண்ணன் பதறிப்போனான். டிவிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். "அக்காவ எங்க அனுப்பிட்ட?" என்று கேட்டு அழுதான். அவனுக்கு ஆறுதல் சொல்லவே அன்றைய பொழுது போனது. மகளும் அழுதுவிட்டாள். "இனிமே நான் அணைக்க மாட்டேம்மா, நீயே பண்ணிக்கோ" என்றாள்.

அடுத்து மெல்லிய காய்ந்த துணியைக் கொடுத்தோம். வாங்கித் தடவிப் பார்த்தான். "ஈரமா இல்லியே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டான். சீரியலே வேண்டாம் என்று காமெடிச் சேனலை வைத்தோம். அதிலும் யாரோ ஒருவர் அடிவாங்கி அழுதார்.

கடைசியில் கணவர் டிவியைக் கைக்கு எட்டாத உயரத்தில் தூக்கி மாட்டினார். அண்ணாந்து பார்த்துப் பார்த்து எங்கள் எல்லோருக்கும் கழுத்து பிடித்துக்கொண்டது. அதையாவது பொறுத்திருப்போம். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ அண்ணன் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு மேலே ஏறியிருக்கிறான். நாற்காலிக் கால் வளைந்தது. சத்தம் கேட்டுக் கணவர் ஓடிவந்தபோது அண்ணன் தரையில் கிடந்தான். மணிக்கட்டு வீங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து எலும்புக்கு ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

வேனில் திரும்பி வரும்போது கணவர் சொன்னார். "டிவிய கீழயே மாட்டிடறேன். அது போனா போவட்டும். இவரு விழுந்தா யாரு பதில் சொல்றது?"

அண்ணன் கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் காட்டிச் சிரித்தான். அவனுக்குக் கட்டு பிடித்திருந்தது.

வழி சொன்னது மகள்தான். அவள் கல்லூரி பஸ்ஸுக்கு நிற்கும் இடத்துக்கு எதிரில் கடைகளுக்குப் பெயர்ப் பலகை செய்கிற பட்டறை ஒன்று இருக்கிறது. அங்கே கண்ணாடி மாதிரி அக்ரிலிக் ஷீட்டுகளைச் சாய்த்து வைத்திருப்பார்கள். "டிவிக்கு முன்னாடி அது மாதிரி ஒண்ணு மாட்டிட்டா மாமா அதுமேல தொடைக்கட்டும்மா" என்றாள். இவ்வளவு எளிய விஷயம் எங்களுக்குத் தோன்றவேயில்லை.

கணவரும் நானும் அளவெடுத்துக்கொண்டு போனோம். பட்டறைக்காரர், "பந்து பட்டு டிவி ஒடைஞ்சிடும்னா? வீட்ல பசங்க வெளையாடுதா?" என்று கேட்டார். கணவர், "ஆமாங்க, ஒரு பையன்" என்றார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். கிண்டலாகச் சொல்லவில்லை. அதற்கு மேல் எதுவும் விளக்கத் தோன்றாமல் சொன்னார், அவ்வளவுதான்.

அளவில் மட்டும் ஒரு யோசனை செய்தோம். ஷீட்டை டிவியைவிட ஒரு சாண் கீழே நீட்டி வெட்டச் சொன்னோம். வழிகிற தண்ணீர் டிவிச் சட்டத்துக்குள் போகாமல் நேராகத் தரையில் சொட்ட வேண்டும். கீழே ஒரு பழைய மிதியடியை மடித்துப் போட்டுவிட்டால் போதும். டிவிக்கும் ஷீட்டுக்கும் நடுவில் விரல் நுழைகிற அளவுக்கு இடைவெளி விட்டு, மேலே கொக்கி போட்டுத் தொங்கவிட்டார் கணவர். பக்கவாட்டில் காற்றுப் போக வழியிருந்தது. ஆடாமல் இருக்க இரண்டு பக்கமும் ரப்பர் வைத்தார்.

அண்ணன் முதலில் நம்பவில்லை. கட்டுப் போடாத கையின் விரலால் தட்டிப் பார்த்தான். டொக் டொக் என்று சத்தம் வந்தது.

"கதவு போட்டுட்டீங்களா?"

"ஆமாண்ணா. நீ இதுமேல தொடைக்கலாம். அணைக்க வேணாம்."

"அக்காவுக்குத் தெரியுமா?"

என் கணவர், "நான் சொல்லிட்டேன் மச்சான்" என்றார்.

மத்தியானம் சீரியல் வந்தது. அண்ணன் துண்டை நனைத்தான். நாங்கள் எல்லோரும் உட்கார்ந்து பார்த்தோம், மகள்கூடக் கல்லூரிக்குப் போகவில்லை. அவன் ஒற்றினான். தண்ணீர் வழிந்தது, ஷீட்டின் அடி விளிம்பில் ஒரு கணம் தொங்கியது, மிதியடியில் சொட்டியது. மகள் கைதட்டினாள். ஏன் தட்டுகிறாள் என்று தெரியாமலே அண்ணனும் தட்டினான்.

அதோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஷீட் வந்த பிறகு பகலில் ஜன்னல் வெளிச்சம் அதில் அப்படியே விழுந்தது. படத்துக்கு நடுவில் எங்கள் தெருவில் போகிற வண்டிகள் தெரிந்தன. கனத்த திரைச்சீலை வாங்கிப் போட்டேன். துண்டில் இருந்த மணலோ என்னவோ, ஷீட் முழுவதும் மெல்லிய கீறல்கள் விழுந்து புகைபோல ஆனது. தோழிகளைக் கூப்பிட்டு வரும்போது மகளுக்குக் கூச்சம். "ஏன்டி உங்க டிவிக்குக் கண்புரையா?" என்று ஒருத்தி கேட்டாளாம். அதற்குப் பிறகு அண்ணனுக்கென்று மென்மையான குழந்தைத் துண்டுகளை வாங்கி, தினமும் தனியாக அலசிக் காயப்போட்டேன். கீறல் அதிகமானபோது அந்தப் பட்டறையிலேயே ஷீட்டை மாற்றிக்கொண்டோம். பட்டறைக்காரர், "பையன் நல்லா வெளையாடறான் போல" என்று சிரித்தார். அந்தக் கறை மட்டும் நகத்தளவிலேயே நின்றுவிட்டது. மெக்கானிக் தெருவில் பார்த்தால் இன்றும் அதைத்தான் விசாரிப்பார்.

இதற்கு நடுவில் அண்ணனிடம் ஒரு மாற்றம் வந்தது. டிவி கெட்டுப்போகும் என்ற எண்ணம் எப்படியோ அவன் மனதில் ஏறிவிட்டது. சாயங்காலம் நான் வந்ததும், "பாப்பா, சூடாயிருக்கா பாரு" என்று என் கையைப் பிடித்துப் பின்பக்கம் வைக்கச் சொல்வான். காய்ந்த துணியால் தூசி தட்டும்போது கூடவே நிற்பான். இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்க வேண்டும் என்று கணவர் ஒருநாள் சொல்லி, சுவிட்சை அணைத்துவிட்டுப் பிடுங்குவது எப்படி என்று காட்டினார். அதை விளையாட்டாகப் பல தடவை செய்து பார்த்தான்.

போன ஐப்பசியில் ஒரு பிற்பகல் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. நான் கடையில் இருந்தேன். கணவர் பிள்ளைகளை இறக்கிவிடப் போயிருந்தார். மகள் அப்போதுதான் வீட்டுக்கு வந்து துணி மாற்றிக்கொண்டிருந்தாள். பெரிய இடி ஒன்று இடித்ததாம். எங்கள் தெருவே அதிர்ந்தது என்று சொன்னார்கள். அந்த இடியில் எதிர் வீட்டு டிவியும், தெருக்கோடி வீட்டு டிவியும் போய்விட்டன. ஒரு வீட்டில் கேபிள் பெட்டி கருகிவிட்டது. நாங்கள் வந்து சேர்ந்தபோது ஊரே அதைப்பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. ஓடிப்போய்ப் பார்த்தோம். எங்கள் டிவியின் பிளக் தரையில் கிடந்தது. பக்கத்தில் அண்ணன் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"மொத சத்தம் வந்துது. நான் புடுங்கிட்டேன்" என்றான்.

கணவர் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். தெருவில் எல்லோரிடமும் போய்ச் சொன்னார். அன்று முழுவதும் அண்ணன் ராஜா மாதிரி இருந்தான்.

மறுநாள் விடிந்ததும்தான் சமையற்கட்டில் ஒரு நாற்றம் வந்தது. வீராம்பட்டினத்துச் சிநேகிதர் கொடுத்தார் என்று முந்தின நாள் காலையில் கணவர் நல்ல மீனாகக் கொண்டுவந்து ஃபிரிட்ஜில் வைத்திருந்தார். திறந்து பார்த்தால் உள்ளே விளக்கு எரியவில்லை. பால் திரிந்திருந்தது. மாவு பொங்கித் தட்டு தட்டாக இறங்கியிருந்தது. பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்தோம். மிக்ஸி, கிரைண்டர், இஸ்திரிப் பெட்டி, மகளின் போன் சார்ஜர், எல்லா பிளக்கும் பிடுங்கிக் கிடந்தன. ஒன்றைக்கூட விடவில்லை.

"டிவி பொழச்சிது, மீனு செத்துச்சு" என்றார் கணவர்.

"மீன் ஏற்கெனவே செத்ததுதாம்ப்பா" என்றாள் மகள்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நாங்கள் எதற்குச் சிரிக்கிறோம் என்று அண்ணன் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தான். ஏதோ தப்பாகிவிட்டதோ என்று அவன் உதடு துடித்தது. கணவர் உடனே அவன் தோளில் கைபோட்டு, "வா மச்சான், எல்லாத்தையும் திருப்பிப் போடுவோம்" என்று கூட்டிக்கொண்டு போனார். இரண்டு பேரும் குனிந்து ஒவ்வொரு பிளக்காக எடுத்தார்கள். ஒவ்வொன்றையும் கையில் வைத்துக்கொண்டு அண்ணன், "இது போடலாமா?" என்று கேட்டான். "போடு" என்றார். நான் மீனைப் பொட்டலம் கட்டிக் குப்பையில் போட்டுவிட்டு வந்து ரசத்துக்குப் புளி கரைக்க ஆரம்பித்தேன்.